மணிக்கு நூறு என்றார்கள்: பெர்சீட் பார்க்கத் தனியாகப் போன இரவு

2025 ஆகஸ்ட் 12 அன்று இரவு, பெர்சீட் எரிநட்சத்திரப் பொழிவைப் பார்ப்பதற்கென்று மலைச்சரிவில் நடந்த ஒரு கட்டண முகாமுக்குத் தனியாகப் போனேன். கூட வருகிறேன் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தரமாட்டார்கள், சரி, தனியாகவாவது போய்வருவோம் என்று கிளம்பினேன். முகாம் கட்டணம், பெட்ரோல், வாடகைக்கு எடுத்த லென்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நல்ல பைனாகுலரே வாங்கியிருக்கலாம். பணத்தைவிடப் பெரிய வருத்தம், அந்த இரவில் பாதி வீணாய்ப் போனதுதான். அங்கே போய் நான் தெரிந்துகொண்ட எதுவும் ரகசியமில்லை. நிலவு எப்போது எழும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தோராயமாக எத்தனை கண்ணில் படும் என்பதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் யாரும் சொல்லவில்லை. விளம்பரம் செய்தவர்களுக்கு அதைச் சொல்வதில் லாபமில்லை. செய்தி போட்டவர்களுக்கு அவ்வளவு பொறுமையில்லை. இனிமேல் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு. "ஒரு மணி நேரத்தில் 100 எரிநட்சத்திரங்கள்" என்று எல்லா இடத்திலும் வருகிறதே, அது பொய்யில்லை. ஆனால் நம் கண்ணுக்காகச் சொன்ன கணக்கும் இல்லை. ஒரு பொழிவை இன்னொரு பொழிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவு அது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. எரிநட்சத்திரங்கள் புறப்பட்டு வருவதுபோல் தோன்றும் புள்ளி நேர் உச்சந்தலைக்கு மேலே இருக்க வேண்டும். வானத்தை எதுவும் மறைக்கக்கூடாது. 6.5 மேக்னிட்யூட் வரை நட்சத்திரங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிய வேண்டும். (மேக்னிட்யூட் என்பது நட்சத்திரத்தின் பிரகாச அளவு, இந்த எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கல் என்று அர்த்தம், 6.5 என்பது நல்ல கண், நல்ல இருட்டு இரண்டும் சேர்ந்தால்தான் எட்டும்.) இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நிலவொளியிலோ ஊர் வெளிச்சத்திலோ 4.5 வரைதான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பெர்சீட் பொழிவில் ஒரு மேக்னிட்யூட் இழந்தால் கண்ணில் படும் எண்ணிக்கை ஏறக்குறைய 2.2 மடங்கு குறையும். இரண்டு இழந்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று. நூறு இருபதாகிவிட்டது. அடுத்து, அந்தப் புள்ளி அடிவானத்திலிருந்து 30 பாகை (டிகிரி) உயரத்தில்தான் இருக்கிறது என்றால் அதிலும் பாதி போய்விடும். ஆக மணிக்குப் பத்து. அதுவும் கண் சிமிட்டாமல், போனைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக் கொடுக்காமல் இருந்தால். நான் போன இரவுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தியது. பின்னிரவு இரண்டு மணியிலிருந்து கிழக்கு வெளுக்கும்வரை நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன், முப்பதைத் தொடவில்லை. இந்தக் கணக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் இந்த முப்பதே எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும். நூறை எதிர்பார்த்துப் போனதால் ஏமாற்றமாக இருந்தது.

விளம்பரத்தில் இருந்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு மரத்துக்கு மேலே நாற்பது ஐம்பது கோடுகள் ஒரே புள்ளியிலிருந்து சிதறி விழும் படம். அப்படிப்பட்ட படங்கள், இரவு முழுக்க எடுத்த நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து எரிநட்சத்திரம் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் இடம் மாறுமே, அதையும் சரிக்கட்டி ஒட்டியிருப்பார்கள். கலைப்படைப்பு என்ற முறையில் எனக்கு அதில் குறையொன்றும் இல்லை, உழைப்புதான். ஆனால் பெர்சீட் பொழிவில் எந்த மனிதக் கண்ணும் எந்த நொடியிலும் அப்படியொரு வானத்தைப் பார்த்ததில்லை. நிஜத்தில் ஒன்று விழும், ஐந்து நிமிஷம் ஒன்றுமிருக்காது, பிறகு ஒரே நிமிஷத்தில் அடுத்தடுத்து இரண்டு விழும், மறுபடி பத்து நிமிஷம் வெறும் வானம். இந்த ஒழுங்கில்லாத காத்திருப்புதான் எரிநட்சத்திரம் பார்ப்பது. இது பிடிக்காதவர்களுக்கு எந்த முகாமும் ஒத்துவராது.

அந்த இரவின் உண்மையான வில்லன் நிலவு. ஆகஸ்ட் 9 அன்று பௌர்ணமி. மூன்று நாள் கழித்து, 12-ஆம் தேதி இரவில், வட்டத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் வெளிச்சத்தோடு முன்னிரவிலேயே எழுந்து விடியும்வரை நின்றது. பெர்சீட் உச்சம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12, 13 தேதிகளை ஒட்டித்தான் வரும், அது பெரிதாக நகராது. நிலவுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே எந்த ஆண்டு நல்ல ஆண்டு என்பதைப் பத்தாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடலாம். தினசரிக் காலண்டரில் ஆகஸ்ட் அமாவாசை எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. 12-ஆம் தேதியை ஒட்டி அமாவாசை வந்தால் அருமை. பௌர்ணமி வந்தால், கட்டணம் வாங்கிக் கூப்பிடுகிறவர்களை ஒதுக்கிவிட்டு மொட்டைமாடியில் பாய் விரித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது இடம் அழகாகத்தான் இருந்தது. நிலவு எழுவதற்கு முன் கொஞ்ச நேரம் நல்ல இருட்டு கிடைத்தது. தெற்கே பால்வீதி மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த நேரத்தில்தான் வரவேற்புரை, அறிமுகம், கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்வது எல்லாம். மைதானத்தின் ஓரத்தில் இரண்டு ஃபிளட் லைட். நடுவில் தீ மூட்டி, அதைச் சுற்றிப் பாட்டு. ஓடியாடிக்கொண்டிருந்த உதவியாளரிடம் போய், "தம்பி, இந்தப் பக்க லைட்டையாவது அணைச்சிருங்களேன்" என்றேன். "சார், அணைச்சா யாராவது தடுக்கி விழுந்துருவாங்க, அப்புறம் எனக்குத்தான் திட்டு விழும்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருட்டைக் காட்டுவதாகச் சொல்லிக் காசு வாங்கியவர்கள் இருட்டுக்கு ஏற்பாடு செய்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் டெலஸ்கோப். விளம்பரத்தில் அதைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எரிநட்சத்திரம் பார்க்க டெலஸ்கோப் எதற்கும் உதவாது. அதன் வழியே தெரிவது வானத்தில் ஒரு பாகை அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ ஒரு துண்டு. எரிநட்சத்திரம் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது, விழுந்தாலும் ஒரு நொடிகூட நிற்காது. இதற்கு வெறுங்கண்ணைவிடச் சிறந்த கருவி கிடையாது. அங்கே டெலஸ்கோப்பை நிலவுக்கும், அன்று நிலவுக்குப் பக்கத்திலேயே இருந்த சனிக்கும் திருப்பி வைத்து வரிசையில் நிற்க வைத்தார்கள். சனியைப் பார்த்தது சந்தோஷம்தான். 2025-இல் அதன் வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பியிருந்ததால், படங்களில் பார்க்கும் அகன்ற வளையமாகத் தெரியாமல், உருண்டையின் குறுக்கே ஊசி செருகியது போலிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் "வளையத்தை எங்கப்பா காணோம்?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட ஆளில்லை. ஆனால் நிலவை டெலஸ்கோப்பில் பார்த்த கண்ணுக்கு அடுத்த அரைமணி நேரம் மங்கலான எதுவும் தெரியாது. எரிநட்சத்திரம் பார்க்க வந்தவர்களை வரிசையாகக் கூப்பிட்டுக் கண்ணைக் கூசவைத்து அனுப்பிய மாதிரி ஆயிற்று.

இந்தக் கண் விஷயத்தை மட்டும் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குள் போனதும் கண்பாப்பா விரிவது சில நொடிகளில் முடிந்துவிடும். விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் செல்கள் தயாராவதற்குத்தான் இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும். அவற்றில் உள்ள நிறமி வெளிச்சத்தில் சிதைந்து, இருட்டில் மெல்ல மெல்ல மறுபடி சேர வேண்டும். ஒரே ஒரு தடவை போனைத் திறந்து மணி பார்த்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். சிவப்பு வெளிச்சம் அந்தச் செல்களை அவ்வளவாகப் பாதிக்காது. டார்ச்சின்மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். போனில் திரை முழுவதையும் சிவப்பாக்கும் வசதி இருக்கிறதா என்று வீட்டிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நீல ஒளியைக் குறைக்கும் இரவு மோடு மட்டும் போதாது. மணி பார்க்க முள்ளில் ஒளிரும் பழைய கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது. கார்க் கதவைத் திறந்தால் உள்ளே எரியும் விளக்கையும் முன்கூட்டியே அணைத்து வையுங்கள்; அந்த இரவில் மூன்று பேரின் கார் விளக்கு என் கண்ணைப் பதம் பார்த்தது.

பதினொன்றரைக்குள் பாட்டு ஓய்ந்தது. "ஒண்ணுமே விழலையே" என்று சொல்லிக்கொண்டே பெரும்பாலானவர்கள் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். உண்மையில் அப்போதுதான் ஆரம்பிக்க வேண்டிய நேரம். பூமி சூரியனைச் சுற்றி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நள்ளிரவைத் தாண்டியதும் நாம் நிற்கும் பக்கம், பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்பத் தொடங்கும். மழையில் ஓடுகிறவனுக்கு முகத்தில்தான் அதிகத் துளி அடிக்கும், முதுகில் அல்ல, அதே கதைதான். பெர்சீட் புறப்படும் புள்ளி வடகிழக்கில் மெல்ல மெல்ல ஏறி, விடியும் நேரத்தில்தான் அதிக உயரத்துக்கு வரும். நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருப்பவர்களுக்கு அந்தப் புள்ளி எழவே இரவு பத்து பத்தரை ஆகிவிடும். விடியும்போதுகூட நாற்பது பாகையைச் சுற்றித்தான் நிற்கும். வடக்கே போகப்போக உயரம் கூடும், ஆனால் மிக வடக்கே கோடையில் முழு இருட்டே சில மணி நேரம்தான். தென்கோளத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பொழிவால் பெரிய பலனில்லை. அவர்களுக்கும் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கும் ஜூலைக் கடைசியில் வரும் தென் டெல்டா அக்வாரிட் பொழிவு ஒத்துவரும்.

நான் ஒரு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு, மைதானத்தைத் தாண்டி ஒரு பாறைத் திட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். ஃபிளட் லைட்டைப் பாறை மறைத்தது. நிலவுக்கு முதுகு காட்டி, அதை ஒரு மரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு வடக்கையும் வடகிழக்கையும் பார்த்து மல்லாந்து படுத்தேன். பயமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. புதரில் ஏதோ சரசரக்கும் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தேன். தனியாகப் போகிறவர்கள் படுக்கப்போகும் இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். பள்ளம், புற்று, முள் எங்கே என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். எங்கே இருக்கிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். முகாமில் இருப்பவரிடமும் சொல்லிவிட்டு விலகுங்கள். சொல்லாமல் போன என்னைத் தேடிக்கொண்டு பின்னிரவில் ஒருவர் வெள்ளை டார்ச்சோடு வந்தார், அவர் வந்த நேரத்தில் என் கண்ணும் போயிற்று.

பனி அடுத்த தலைவலி. கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு வந்தவர்கள் எல்லோரும் நடுங்கினார்கள். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகும். வானம் எவ்வளவு தெளிவோ பனியும் அவ்வளவு கூடுதலாக இறங்கும். ஒரு மணி நேரத்தில் என் போர்வையின் மேல்பக்கம் நனைந்து, கண்ணாடி மங்கி, தலைமுடியெல்லாம் ஈரம். நடமாடாமல் அசையாமல் படுத்திருப்பதால் குளிர் இரண்டு மடங்கு தெரியும். தரைக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மேலே தண்ணீர் ஒட்டாத ஏதாவது ஒன்று, காதை மூடும் குல்லா, சாக்ஸ், கண்ணாடி துடைக்கக் காய்ந்த துணி. இவ்வளவு இருந்தால் கடைசிவரை தாக்குப்பிடிக்கலாம். சாய்ந்து படுக்கும் மடக்கு நாற்காலி கிடைத்தால் பாயே வேண்டாம். நின்றபடி அண்ணாந்து பார்த்தவர்கள் பத்தாவது நிமிஷத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

எங்கே பார்ப்பது என்பதில் பலருக்கும் குழப்பம். காசியோபியா தெரியுமில்லையா, வடகிழக்கில் ஐந்து நட்சத்திரங்கள் கோணல்மாணலாக மடிந்து நிற்குமே, அதற்கும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கும் இடைப்பட்ட பகுதிதான் பெர்சியஸ். எரிநட்சத்திரங்கள் அங்கிருந்து புறப்படுவதுபோல் தெரியும். ஆனால் அந்த இடத்தையே உற்றுப் பார்க்காதீர்கள். அங்கே விழுபவை நம்மை நோக்கி வருபவை, கோடு குட்டையாக இருக்கும். அதிலிருந்து நாற்பது ஐம்பது பாகை தள்ளி, பாதி வானத்துக்கு மேலே கண்ணைத் தளர்வாக வைத்திருந்தால் நீளமான கோடுகள் கிடைக்கும். எது எரிநட்சத்திரம் எது இல்லை என்பதும் போகப்போகப் பிடிபடும். சீராக நகர்ந்து ஓரிரு நிமிஷத்தில் மங்கி மறைந்தால் செயற்கைக்கோள். சிமிட்டிக்கொண்டே போனால் விமானம். முத்துச்சரம்போல் வரிசையாகப் போனால் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் கூட்டம். பக்கத்துக் கூடாரத்தில் அந்தச் சரத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். கோட்டைப் பின்னோக்கி மனத்தில் நீட்டிப் பார்த்து அது பெர்சியஸ் பக்கம் போய்ச் சேர்ந்தால் பெர்சீட். இல்லாவிட்டால் வேறு ஏதோ ஒன்று, அதையும் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

நாலு மணி வாக்கில் ஒன்று விழுந்தது. கார்த்திகைக்கு மேலிருந்து தொடங்கி தெற்குப் பக்கமாகப் பாதி வானம் ஓடியது. முதலில் வெள்ளை, நடுவில் பச்சை, கடைசியில் ஒருமுறை வெடித்ததுபோல் பளிச்சென்று பெருகி அணைந்தது. நிலவு இருந்தும் தரையில் ஒரு கணம் வெளிச்சம் மாறியதை உணர்ந்தேன். அது போன பிறகும் அந்தப் பாதையில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று நின்றது. இரண்டு மூன்று நொடியில் நடுவில் வளைந்து, மேல் வானக் காற்றில் இழுபட்டுக் கரைந்தது. சத்தமாக ஏதோ சொன்னேன், கேட்கத்தான் பக்கத்தில் ஆளில்லை. அவ்வளவு வெளிச்சம் காட்டியது ஒரு கூழாங்கல் அளவுதான் இருந்திருக்கும். சாதாரணமாக விழுபவை மணல் துணுக்குகள்தான். நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் நுழைவதால், நமக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து முடிந்துவிடுகின்றன. இந்தத் துணுக்குகளுக்கு ஊர் ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம். 1862-இல் லூயிஸ் ஸ்விஃப்ட், ஹொரேஸ் டட்டில் என்ற இருவர் சில நாள் இடைவெளியில் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். பெர்சீட் துகள்கள் அதன் பாதையிலேயே ஓடுகின்றன என்று அதற்குச் சில ஆண்டுகளில் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி கணக்கிட்டுக் காட்டினார். சூரியனைச் சுற்றிவர அதற்குச் சுமார் 133 ஆண்டு. 1992-இல் வந்துபோனது, அடுத்து 2126-இல் வரும். நான் பார்த்த துணுக்கு அதற்கு முந்தைய ஏதோ ஒரு வருகையில், நூற்றாண்டுகளுக்கு முன்னால் உதிர்ந்து வழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பெரிய எரிநட்சத்திரம் கேமராவில் விழவில்லை. வாடகை லென்ஸோடு கேமராவை முக்காலியில் பொருத்தி, நிறுத்தாமல் அடுத்தடுத்துப் படம் எடுக்கும்படி விட்டிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் இருபது நொடி. வீட்டுக்கு வந்து நேரங்களைப் பார்த்தால் இரண்டு படங்களுக்கு நடுவே இருபது நொடி இடைவெளி. கேமராவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷன் வேலை செய்துகொண்டிருந்தது. அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஷட்டரை மூடிக்கொண்டு அதே அளவு நேரம் ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதை வைத்து முதல் படத்தைச் சுத்தம் செய்யும். அதாவது இரவில் சரிபாதி நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டிருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த அமைப்பை மறக்காமல் அணைத்துவிடுங்கள். லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும் இடத்தை நம்பாதீர்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் ஃபோகஸை நிறுத்தி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அகன்ற லென்ஸ், எஃப் 2.8 அல்லது அதைவிடத் திறந்த துளை, நிலவில்லாத இரவென்றால் ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை, இது நல்ல தொடக்கம். நிலவு இருந்தால் குறைக்க வேண்டும். அப்புறம் பனி. என் லென்ஸின் முன்கண்ணாடி மூன்று மணிக்கே வெள்ளைப் புகையாகிவிட்டது. லென்ஸைச் சுற்றிக் கட்டும் சின்ன ஹீட்டர் பட்டைகள் கிடைக்கின்றன, பவர் பேங்கில் ஓடும். முதல் தடவை போகிறவர்களுக்கு என் சொந்த யோசனை: கேமராவே வேண்டாம். அதன் பக்கம் திரும்பியபோதெல்லாம் வானத்தில் நான் தவறவிட்டவை எத்தனையோ.

விடியும்போது கிழக்கே வெள்ளியும் வியாழனும் ஒட்டினாற்போல் நின்றன. அதற்கு முந்தின நாள் காலையில்தான் ஒரு பாகைக்கும் குறைவான இடைவெளியில் நெருங்கியிருந்தன. முகாமில் யாருமே எழுந்திருக்கவில்லை. இதைப் பற்றி அறிவிப்பிலும் ஒரு வார்த்தை இல்லை. அன்று நிலவு கெடுக்க முடியாத ஒரே காட்சி அதுதான். ஆறு மணிக்குக் கூடாரத்தைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள், அதனால் தூங்காமலே காரை எடுத்தேன். மலைப்பாதையில் ஒரு வளைவில் கண் சொருகி, சக்கரம் ஓரத்துக் கல்லில் ஏறி இறங்கிய அதிர்ச்சியில்தான் முழித்தேன். அந்த இரவு முழுக்கப் புதருக்குப் பயந்தேனே, உண்மையான ஆபத்து இதுதான். முந்தின நாள் மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்கிவிட்டுப் போங்கள். விடிந்ததும் கிளம்பாமல் காரிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிட்டு, வெயில் ஏறின பிறகு வண்டியை எடுங்கள். அப்படித் தங்க இடம் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து, சொன்னது ஒன்று நடந்தது ஒன்று என்று எழுதிப் பணத்தைக் கேட்டேன். "வானம் எங்கள் கையில் இல்லை" என்று பதில் வந்தது. வானம் அவர்கள் கையில் இல்லைதான். நிலவு எழும் நேரமும் ஃபிளட் லைட்டும் அப்படியல்லவே. பல நாள் மடல் போக்குவரத்துக்குப் பிறகு அடுத்த முகாமில் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். விட்டுவிட்டேன். பணம் கட்டித்தான் போவது என்று முடிவு செய்தால் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: அன்று நிலவு எப்போது எழுந்து எப்போது மறையும், எத்தனை மணிக்கு எல்லா விளக்கையும் அணைப்பீர்கள், வடகிழக்கு அடிவானத்தை மலையோ கட்டிடமோ மறைக்கிறதா, பக்கத்து ஊரின் வெளிச்சம் எந்தத் திசையில், மேகம் மூடினால் பணம் திரும்புமா. விளக்கு அணைக்கும் நேரத்தை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குத் தடுமாறுகிறவர்கள் வானத்துக்காகக் கூட்டம் சேர்க்கவில்லை.

மேகத்தைப் பார்க்கும்போது மழை வாய்ப்பை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். மழை இல்லை என்றால் வானம் தெளிவு என்று அர்த்தமில்லை. மெல்லிய உயர மேகம் ஒரு சொட்டு மழையில்லாமல் எல்லா நட்சத்திரத்தையும் விழுங்கிவிடும். தாழ்மேகம், நடுமேகம், உயர்மேகம் என்று பிரித்துக் காட்டும் முன்னறிவிப்புகள் இருக்கின்றன, அவற்றைப் பாருங்கள். உச்சநாளில் மூடியிருக்கும் என்று தெரிந்தால் முந்தின இரவே போய்வாருங்கள். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வாரம்வரை பெர்சீட் துளித்துளியாக இருந்துகொண்டே இருக்கும். தேதியிலும் ஒரு பொறி உண்டு. "12-13 இரவு" என்றால் 12-ஆம் தேதி மாலை இருட்டி 13-ஆம் தேதி விடியும் இரவு. 13 என்று படித்துவிட்டு 13-ஆம் தேதி மாலை கிளம்புகிறவர்கள் ஒரு முழு இரவு தள்ளிப் போய்ச் சேருவார்கள். உச்ச நேரத்தைப் பன்னாட்டுப் பொது நேரத்தில்தான் (UTC) அறிவிப்பார்கள், அதை உங்கள் கடிகாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பன்னாட்டு விண்கல் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் பொழிவு நாட்காட்டி இலவசம். நிலவு நிலவரமும் அதில் இருக்கிறது.

நிலவைப் பொறுத்தவரை 2026 அருமையான ஆண்டு. ஆகஸ்ட் 12 அன்றே அமாவாசை. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் பக்கம் அன்று முழு சூரிய கிரகணமே இருக்கிறது. இரவு முழுக்க நிலவுத் தொல்லை கிடையாது. 2027-இல் ஆகஸ்ட் 17-ஆம் தேதிதான் பௌர்ணமி. ஆகவே 12-ஆம் தேதி வளர்பிறை நிலவு முன்னிரவில் பெரிதாக நின்று, பின்னிரவில் இறங்கிவிடும். அந்த ஆண்டு இரவு முழுக்க முழித்திருக்கத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்து, இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விடியும்வரை பார்த்தால் போதும்.